கூரை மாத்துற மாசம்

கோடையில் எங்கள் வீடு பெரிசு. ஐப்பசியில் சிறுசு. விடுகதை போடவில்லை தோழர்களே. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் காலனிகளில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கத்திரி வெயிலில் வீட்டுக்குள் கிடக்க முடியாது. பாயைச் சுருட்டிக்கொண்டு மொத்தக் குடும்பமும் வாசலுக்கு வந்துவிடும். ஆயா வேப்பமரத்தடியில். நைனா தெருவில் கயித்துக் கட்டில் போட்டு. பிள்ளைகள் தெருவிளக்குக் கம்பத்தைச் சுற்றிப் புத்தகத்தோடு. பொம்பளைங்க எதிர்வீட்டுத் திண்ணையில். சோறு பொங்குவது, தலை சீவிப் பேன் பார்ப்பது, மாமியார் மருமகள் சண்டை எல்லாம் வாசலில். புதுசாகக் கல்யாணமான ஜோடிக்கு, உள்ளே இருக்கிற ஒரே அறையை வீட்டுக்காரங்க மனசாரக் கொடுக்க முடிகிற காலம் அது ஒன்றுதான்.

ஆடிக்காற்று அடித்து, ஆவணியில் ரெண்டு மழை விழுந்து, புரட்டாசியில் வானம் மூடிக்கொண்டதும் தெரு அளவுக்கு இருந்த வீடு பத்துக்குப் பத்து அறையாகச் சுருங்கிப்போகும். அதற்குள் எட்டு பேர். ஆடும் அதன் குட்டியும் ஒரு மூலையில். காயாத முள்ளு விறகு ஒரு மூலையில். கிழவரின் இருமல். சின்னதுக்குச் சளி. மாதவிலக்கான பெண்ணின் துணியைக் காயப்போட ஒரு கொடி கிடையாது. அது தலையணைக்கு அடியிலேயே ஈரமாகக் கிடந்து காயும். ஒழுகுகிற இடத்துக்குக் குண்டான், அன்னக்கூடை, சட்டி என்று வைத்துக்கொண்டே போனால் கடைசியில் படுக்கிற இடம் போய்விடும். விடிய விடிய எழுந்து அந்தத் தண்ணியை வெளியே ஊற்றுகிறவள் அம்மா. காலையில் சேற்றில் இறங்கி நாற்று நடப் போகிறவளும் அவள்தான்.

நகரத்து விடுதியில் தங்கிப் படிக்கிற நம் தங்கச்சிகளைக் கேட்டுப் பாருங்கள். மழைக்கு லீவு விட்டால் மற்ற பெண்கள் சந்தோஷமாகப் பையைக் கட்டுவார்கள். காலனிப் பெண்ணுக்கு வீட்டிலிருந்து போன் வரும்: “வாணாம் பாப்பா, அங்கியே இரு. மழ விட்டா சொல்றேன், அப்ப வா.” பெத்த பெண்ணை வீட்டுக்கு வராதே என்று சொல்ல வைக்கிற மாசம் இது. அந்த அம்மாவுக்கு மகள் மேல் ஆசை இல்லாமலா? படுக்க இடம் இல்லை. போன பெண் நனைந்து காய்ச்சலோடு திரும்பினால் பரீட்சை போச்சு. இந்தக் கணக்கெல்லாம் போட்டுத்தான் அவள் சொல்கிறாள்.

தமிழ் எம்.ஏ. படிக்கிற தம்பிகள் கூதிர்காலம் என்றால் நெடுநல்வாடையை எடுத்துக் காட்டுவார்கள். நக்கீரர் பாட்டு, நல்ல பாட்டுதான். மழையில் கொள்ளிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிற மாடு மேய்க்கிறவர்கள் அதன் தொடக்கத்திலேயே வருகிறார்கள். ஆனால் பாட்டு அவர்கள் பின்னாலேயே அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. கயிறு பிடித்து அளந்து கட்டிய அரண்மனைக்குள் புகுந்துவிடுகிறது. அரசியின் கட்டில் தேர்வுக்கு வரும். மாடு மேய்க்கிறவன் அன்றைக்கு ராத்திரி எங்கே படுத்தான் என்று ஐந்து மதிப்பெண் கேள்விகூட வராது. சரி, பழசை விடுங்கள். நம்முடைய எழுத்திலும் பேச்சிலும் மட்டும் அந்தக் கேள்வி வருகிறதா? நிலம் பற்றிப் பேசுகிறோம், சுடுகாட்டுப் பாதை பற்றிப் பேசுகிறோம், கோயில் நுழைவு பற்றிப் பேசுகிறோம். எல்லாம் பேசவேண்டியவை. கூரையைப் பற்றி யார் பேசுகிறார்கள்? அது வீட்டு விவகாரம், அம்மாக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டோம்.

சேரியில் கூரை வீட்டு விவகாரமாக இருந்ததே இல்லை. சுவர் நம்முடையது, நம் கையால் மண் குழைத்து வைத்தது. கூரைக்குக் கரும்புச் சோகை வேண்டும். முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் ஆலை வைக்கிற அளவுக்குக் கரும்பு விளைகிற சீமை இது. ஆனால் கரும்பு யார் கொல்லையில் நின்றது? பனையோலை வேண்டும். பனை யார் வரப்பில்? கைமரமும் வரிச்சும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நமக்கென்று இருந்தது புளிச்ச நாரும் அதைத் திரிக்கிற கையும்.

வெட்டு முடிந்த கரும்புக் கொல்லையில் சோகையைப் பெரும்பாலும் நெருப்பு வைத்துக் கொளுத்திவிடுவார்கள். எப்படியும் சாம்பலாகப் போகிற சரக்குதான். ஆனால் அதை “எடுத்துக்கோ” என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த வாய்க்கு விலை இருந்தது. எங்கள் அம்மா ஒரு வண்டிச் சோகைக்காக மல்லாட்டை ஆய்கிற வேலைக்குக் கூலி இல்லாமல் போயிருக்கிறாள். எத்தனை நாள் என்று யாரும் முன்னாடி சொல்வதில்லை. அவர்கள் போதும் என்று சொல்கிற வரைக்கும். ஒருமுறை, “ஆண்டே, நாளைக்கி எங்க வூட்ல புள்ளைக்கி ஒடம்பு சரியில்ல, வர முடியாது” என்றதற்கு, “எங்க சோக இல்லன்னா ஒங்க தலைக்கி மேல இன்னாடி இருக்கும்?” என்று பதில் வந்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன் என்று நினைவு. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது நமக்குத் தெரியும். முன்பணம், செங்கல் சூளை, அரிசி ஆலை என்றுதான் அதை வைத்துப் பேசுகிறோம். சோகைக் கணக்கைக் கொண்டுபோய் அந்தச் சட்டத்தின் முன்னால் வைத்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

கூலி உயர்வு கேட்டுச் சேரி நின்ற வருஷம் சோகை வராது. மறுவருஷம் மழைக்கு எல்லா வீடும் ஒழுகும். பொம்பளைங்கதான் முதலில் தளர்ந்தார்கள், அவர்கள்தான் வேலைக்குப் போய்விட்டார்கள் என்று பழைய ஆட்கள் இன்னும் குறை சொல்வார்கள். ஒழுகலுக்குக் கீழே படுத்தது யார் என்று கேட்டால் பேச்சு மாறும். 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலை முதல் சுற்றிலேயே விழுப்புரம் மாவட்டத்துக்கு வந்தது. ஏரி வெட்டினார்கள், வாய்க்கால் தூர் வாரினார்கள், அதையெல்லாம் கேலி பேசினார்கள். சேரிப் பெண் கையில் சொந்தமாகக் கொஞ்சம் காசு வந்தது. அந்தக் காசில் சோகைக் கட்டு வாங்க முடிந்தது, கும்பிட வேண்டிய நாள் குறைந்தது. ‘வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை’ என்று ஊரில் எழுந்த கூக்குரலில் பாதி இதுதான்.

இதைப் படிக்கிற மாணவத் தோழர் ஒருவர் கேட்கலாம்: கூரையைச் சித்திரை, வைகாசி வெயிலிலேயே வேய்ந்து முடித்துவிட வேண்டியதுதானே, ஏன் புரட்டாசி வரை தள்ளுகிறார்கள்? ஜூன் மாதம் வருகிறதே, அதனால்தான். பாடப் புத்தகம், சீருடை எல்லாம் அரசு கொடுக்கிறது, உண்மை. பாலிடெக்னிக் கட்டணம், கல்லூரி விண்ணப்பம், சாதிச் சான்றிதழுக்கு நடக்கிற பஸ் காசு, நோட்டு, செருப்பு இவை யார் கொடுப்பது? அது முடிந்தால் ஆடி. அம்மனுக்குக் கூழ் வார்க்கத் தலைக்கட்டு வரி. கட்டிக்கொடுத்த பெண்ணை ஆடிக்கு அழைத்து வந்தால் சீர். கூரைக்கு என்று முந்தானையில் முடிந்து வைத்தது ஒவ்வொரு முடிச்சாக அவிழும். நாம் பி.ஏ. படித்தோம், எம்.ஏ. படித்தோம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த வருஷங்களில் எல்லாம் நம் வீட்டுக் கூரை மாறவில்லை.

அப்படி மாற்றின கூரை எரிந்தும் இருக்கிறது. 1987 செப்டம்பர் 17ஆம் தேதி வன்னியர் சங்கம் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியலைத் தொடங்கியது. கோரிக்கையில் நியாயம் இருந்தது. போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானவர்களும் உழைக்கிற சனம்தான். ஆனால் அரசாங்கத்தை எதிர்த்துப் பிடித்த தீப்பந்தம் அன்றைய தென்னாற்காட்டில் சேரிக் கூரைகளில் வந்து விழுந்தது. புரட்டாசி பிறக்கிற நேரம். கூரை காய்ந்து நிற்கிறது. அடுத்த மாசம் அடைமழை. எரித்தவனுக்கு மாசக் கணக்கு தெரியாமல் இருக்காது, அவனும் கூரை வீட்டுக்காரன்தான். 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்தில் 12 தலித்துகளைக் கொன்றபோது ஆடி மாசம். 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழாவுக்குக் கூட்டம் போன நாளில், மரக்காணத்தில் நம் வீடுகள் எரிந்தன. எங்கள் பெரியவர்கள் “அந்தப் பொரட்டாசி”, “அந்தச் சித்திரை” என்று சொன்னால் பருவத்தைச் சொல்லவில்லை.

கூரை வீடு என்பதால்தான் எரிகிறது, மாடி கட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தவர்களும் உண்டு. 2012 நவம்பர் 7இல் தர்மபுரி நத்தம் காலனியில் எரிந்தவை பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடுகள். கூரை எரியாவிட்டால் உள்ளே இருக்கிற பீரோ, பள்ளிச் சான்றிதழ், கல்யாணத்துக்குச் சேர்த்த நகை. காங்கிரீட்டுக்கு எதிராகச் சொல்லவில்லை. அது ஒரு தலைமுறையை ஆண்டையின் சோகையில் இருந்து மீட்டது. அதற்காகவே அதைக் கேட்கிறோம்.

அந்தக் காங்கிரீட்டின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1974இல் தாட்கோ வந்தது. விழுப்புரத்தில் நம் ஆட்களைக் கொன்ற அதே 1978இல்தான், நமக்கு மனை ஒதுக்க நிலம் எடுக்கும் 31ஆம் எண் சட்டமும் வந்தது. சேரிக்குப் பக்கத்தில் நிலம் எடுத்து, மூணு சென்ட் மூணு சென்ட்டாகப் பட்டா கொடுத்துத் தொகுப்பு வீடு கட்டினார்கள். இன்றைக்கு அந்தத் தொகுப்பு வீடுகளின் மேல்தளத்தில் கம்பி பல் இளிக்கிறது. ராத்திரியில் காரை பெயர்ந்து பிள்ளை மேல் விழுகிறது. அதன் உள்ளே ஒழுகுவதும் மழைதான், குண்டான் வைப்பதும் அதே அம்மாதான். 2010இல் ஆறு வருஷத்துக்குள் 21 லட்சம் குடிசைகளைக் காங்கிரீட் ஆக்குவோம் என்றார்கள். அடுத்த வருஷம் ஆட்சி மாறியது, பசுமை வீடு என்றார்கள். 2016இல் பிரதமர் பெயரில் வந்தது. 2024இல் கலைஞரின் கனவு இல்லம், வீட்டுக்கு மூன்றரை லட்சம், 2030க்குள் 8 லட்சம் வீடு. இத்தனை பெயர் மாறிய பிறகும் எட்டு லட்சம் பாக்கி என்று அரசாங்கமே ஒத்துக்கொண்ட கணக்கு இது. மூன்றரை லட்சத்தில் ஒரு வீடு எழும்பி முடியாது. மீதிக்குக் குழுக்கடன். அந்தக் கடனில் கையெழுத்து பெண்ணுடையது, வாரா வாரம் வசூலுக்கு வந்து வாசலில் உட்காருகிறவன் பேசுகிற பேச்சும் அவளுக்குத்தான்.

அதுவும் பட்டா இருந்தால். அன்றைக்கு மூணு சென்ட் பட்டா கொடுத்தது தாத்தாவுக்கு. அவருக்கு மூன்று பிள்ளைகள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அதே மூணு சென்ட்டில் மூன்று அடுப்பு எரிகிறது. முன்னால் தொகுப்பு வீடு, பக்கத்தில் சோகைக் கூரை, பின்னால் தகரக் கொட்டாய். காகிதத்தில் இன்னும் தாத்தா பெயர். உட்பிரிவு செய்ய எடுத்துக்கொண்டு போனால் வாரிசுச் சான்று கேட்பான், அது கிடைத்தால் சர்வேயர் வரமாட்டான். விடிய விடிய முழித்துத் தண்ணி இறைக்கிறவள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஏரிப் புறம்போக்கில், வண்டிப்பாட்டையில் இருக்கிறவர்களுக்கு அந்தத் தாத்தா காகிதமும் கிடையாது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் அறிக்கை கொடுத்து, 1892இல் பஞ்சமி நிலத்துக்கு ஆணை வந்தது. அந்த நிலத்தை மீட்கச் செங்கல்பட்டில் போராடிய ஜான் தாமசையும் ஏழுமலையையும் 1994 அக்டோபர் 10இல் போலீஸ் சுட்டுக் கொன்றது. வருஷம் தவறாமல் அவர்களுக்கு வீரவணக்கம் செலுத்துகிறோம். அந்த ஏக்கர் கணக்குக்கும் மூணு சென்ட்டுக்கும் உறவு இருக்கிறது என்பதை மட்டும் எங்கோ விட்டுவிட்டோம். நிலம் கிடைக்காத சனத்துக்கு அரசாங்கம் காட்டிய ஆறுதல்தான் மனை. அந்த ஆறுதலும் இப்போது நிரம்பி வழிகிறது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணியும் சேர்ந்து தென்பெண்ணைக் கரையைப் புரட்டிப் போட்டது. மழை சாதி பார்க்காது என்று அப்போது பல பேர் எழுதினார்கள். பார்க்காதுதான். ஆனால் காலனி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஏரி வழிந்தால் முதலில் தண்ணி வருகிற பள்ளத்தில், ஊருக்குக் கிழக்கே, ஓடை ஓரத்தில். அந்த இடத்தை மழை தேர்ந்தெடுக்கவில்லை. நிவாரணமாகக் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய், சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். மூன்று அடுப்பும் ஒரே அட்டையில் இருக்கிற வீட்டுக்கு இது எப்படிப் பிரிந்தது, அண்ணன் தம்பிக்குள் என்ன சண்டை வந்தது என்பதெல்லாம் செய்தியில் வராது. எங்கள் தெருவில் ரெண்டு குடும்பம் அந்தக் கார்த்திகையில் பேச்சை நிறுத்தியது. குடும்பம் என்பது ரத்த பாசம் என்கிறார்கள். எங்கள் பக்கம் அது தாசில்தார் ஆபீசில் முடிவாகிறது.

இனி நம் பக்கம். இயக்கம் இதுவரை சேரிக்குக் கொடுத்த கூரை எது தெரியுமா? பிளக்ஸ். மாநாடு முடிந்ததும் கழற்றுகிற பேனர் வீடு வீடாகப் போகிறது. ஐப்பசியில் எந்தக் காலனிக்குள் போனாலும் பாருங்கள், சோகைக்கு மேல் அண்ணலும் தலைவர்களும் மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், காற்றுக்குப் பறக்காமல் முகத்தின் மேல் ஒரு சைக்கிள் டயர். சில வீடுகளில் எதிர்க்கட்சிக்காரன் பிளக்ஸ், சில வீடுகளில் நகைக்கடை விளம்பரம். சேரிப் பெண்ணுக்குக் கொள்கை பேதம் இல்லை, அகலம்தான் கணக்கு. நான் கிண்டல் செய்யவில்லை. பிளக்ஸ் அடிப்பதை நிறுத்தச் சொல்லவும் இல்லை, நிறுத்தினால் எங்கள் தெருவில் நாலு வீடு நனையும். அந்தப் பேனரைக் கட்டுகிற தம்பிக்கு அது கடைசியில் எங்கே போகிறது என்று தெரியும். தெரிந்தும் மேடையில் அது ஒரு வார்த்தையாக வருவதில்லை என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு தோழரிடம் இதைச் சொன்னேன். “அதெல்லாம் தொண்டு நிறுவன வேலைங்க. நாம அதிகாரம் கேக்கிற இயக்கம்” என்றார். அவர் நல்லவர், இருபது வருஷமாக அலைகிறவர். அவர் வீட்டுக்கும் போயிருக்கிறேன். மழை ராத்திரியில் கூட்டம் முடிந்து பதினோரு மணிக்குப் போனோம். அவர் மனைவி தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை நகர்த்தி, ஒழுகாத பக்கத்தை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, அடுப்பங்கரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தே இருந்தார். நாங்கள் ரெண்டு மணி வரை அதிகாரம் பற்றிப் பேசினோம். நானும்தான் பேசினேன். சோகையைக் காட்டி ஒரு ஆண்டை எட்டாவது படிக்கிற பையன் எதிரில் அவன் தாயை மிரட்ட முடிந்தது என்றால் அது அதிகாரம் இல்லாமல் வேறு என்ன?

மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் உள்ளே போன நம் ஆட்களை அடித்தார்கள். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2025 ஏப்ரலில்தான் நம் சனம் உள்ளே போக முடிந்தது. ரெண்டு வருஷம் கேமரா, கட்சிகள், நீதிமன்றம். அந்த நுழைவு நமக்கு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மழைக்கு ஒதுங்க ஊர்க் கோயில் மண்டபத்துக்குப் போகலாம் என்று எங்கள் ஆயாவுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வீடு இடிந்தால் பள்ளிக்கூடம், அது நிரம்பினால் ரேஷன் கடைத் திண்ணை. கோயில் நுழைவு என்பது சாமி கும்பிடுவதோடு முடிகிற கதை இல்லை என்று அந்த மழையில்தான் புரிகிறது. கூரை உள்ள இடமெல்லாம் யாருக்கு என்கிற கேள்வி அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம் ஆட்களுக்குக் கசக்கும். காலனிக்கும் தள்ளி ஏரிக்கரையில் இருளர் வீடுகள் இருக்கின்றன. கொம்பும் ஓலையும் சாக்கும்தான் வீடு. பட்டா இல்லை, பல குடும்பத்துக்கு சாதிச் சான்றிதழே போராடித்தான் கிடைக்கிறது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா. கல்விமணி போன்றவர்களும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் 1990களில் இருந்து இதற்காக அலைகிறார்கள். 1993இல் அத்தியூர் விஜயாவுக்கு நடந்த கொடுமைக்குப் பிறகாவது நாம் அங்கே போய் நின்றிருக்க வேண்டும். சிலர் நின்றார்கள். நம் தெருவிலேயே ‘அவுங்கள உள்ள சேத்தா மனை போயிடும்’ என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். மூணு சென்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாமும் ஒரு சின்ன ஊராக மாறப் பார்க்கிறோம்.

எங்கள் கிளையில் இந்த வருஷம் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். ஐப்பசி மாதக் கூட்டத்தை டீக்கடையிலோ சமுதாயக் கூடத்திலோ வைக்கப் போவதில்லை. ஒழுகுகிற வீடு ஒன்றில், ராத்திரி எட்டு மணிக்கு. பெண்கள் வரமாட்டார்கள் என்கிற பேச்சு இருக்காது, அவர்கள் அங்கேதான் இருப்பார்கள். முதல் பேச்சு அவர்களுடையது. எத்தனை அடுப்பு, எத்தனை பட்டா, யார் பெயரில், எந்த வருஷம் கூரை மாற்றியது என்று தெரு வாரியாக எழுதி, ஏரிக்கரை வீடுகளையும் சேர்த்து, திங்கட்கிழமை மனு நாளுக்கு ஒற்றை மனுவாக எடுத்துப் போகிறோம். ஆளுக்கு ஒரு மனுவாகப் போய் ஆளுக்கு ஒரு ரசீது வாங்கி வந்த காலம் போதும். குறிப்பு எழுத நோட்டை நனையாமல் வைக்க ஒரு பிளாஸ்டிக் பை கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம். குண்டானில் தண்ணி நிரம்பினால் ஊற்றுவது அன்றைக்கு ஆம்பளைங்க வேலை.